ஊர்காவற்துறை மரப்படகில் ஒரு பகல்

கடந்த பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அம்மாவும் தங்கையின் குடும்பமும் நானுமாக ஏழு பேர், அண்மையில் திருத்தியமைக்கப்பட்டு நாள் வாடகைக்கு விடப்படும் பழைய மர இயந்திரப் படகொன்றை அமர்த்தி, யாழ்ப்பாணத் தீவகத்து ஊர்காவற்துறை இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குச் சென்று திரும்பினோம். தீவகத்துக் கடலில் இன்று ஓடும் சிறு படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகளே. மரத்தால் கட்டப்பட்டு, மரமாகவே திருத்தப்பட்ட ஒரு படகை அதன் உள்வேலை வரை இறங்கிப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே பயணத்தைப் பற்றிக் குறைவாகவும் படகைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன்.

படகின் நீளம் 42 அடி. அகலம் 11 அடி. நீர்மட்டத்துக்குக் கீழே மூன்றரை அடி அமிழ்ந்திருக்கும். ஏரா என்னும் அடிமரம் இலுப்பையிலும், வங்குகள் என்னும் விலாச்சட்டங்கள் வேம்பிலும், வெளிப்பலகைகள் தேக்கிலும் அமைந்துள்ளன. 1960களில் கட்டப்பட்டு, பின்னர் நெடுங்காலம் கரையேற்றப்பட்டு, வெயிலில் பொருத்துகள் பிளந்து கிடந்த இந்தப் படகை, வெளிநாட்டுக் கப்பல்களில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்ற காரைநகர்க்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறார். திருத்த வேலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. இடப்பக்கத்தில் பதினொரு பலகைகளும் வலப்பக்கத்தில் நான்கு பலகைகளும் புதியவை. வெயில் விழுந்த பக்கம் எதுவென்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். பழைய பலகையையும் புதியதையும் ஒரே நிறப் பூச்சால் மறைக்காமல், உட்புறத்தில் எண்ணெய் மட்டும் பூசி விட்டிருப்பதால், எது எப்போதையது என்பதை எவரும் கண்ணால் பார்த்தே அறியலாம். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வேலையைப் பொறுப்பேற்றவர் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த, மரக்கலம் கட்டும் முதிய ஓடாவியார் ஒருவர். நாங்கள் சென்ற அன்று அவரும் படகில் இருந்தது எங்கள் நல்லூழ். கலப்பற்று வேலையை அவர் விளக்கிய விதத்தை நான் மறக்கமாட்டேன். பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள பொருத்தில் எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளியாலும் கொட்டாப்புளியாலும் அடித்து இறுக்கி, அதன்மேல் குங்கிலியத்தையும் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சிய கலவையைப் பூசி அடைப்பதே அந்த வேலை. திரி போதிய அளவு இறுகிவிட்டதா என்பதைக் கண் சொல்லாது, காதுதான் சொல்லும் என்றார் அவர். தளர்வாக இருக்கும்வரை மந்தமாகக் கேட்கும் அடி, இறுகியதும் கணீரென்று மாறும். அதற்கு மேலும் அடித்தால் பலகையின் விளிம்பு நசுங்கிவிடும். தரைப்பலகை ஒன்றைத் தூக்கி உட்புறத்தைக் காட்டியபோது நான் பொருத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். நூலளவு மேடுகூடத் தட்டவில்லை. அப்போது மேலெழுந்து வந்த குங்கிலிய வாசனையை, எழுபத்திரண்டு வயதான என் அம்மா, பார்வை மங்கியிருந்தும், யாரும் சொல்லாமலே அடையாளம் கண்டுகொண்டார். "இது எங்கட ஐயாவின்ர வாடியில வாற மணமெல்லே, ஓடாவியார்?" என்று அவர் கேட்டதும், இருவரும் பழைய வல்வெட்டித்துறைக் கரையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

படகின் வெளிப்புறத்தைக் கண்ணாடியிழையால் போர்த்திவிட்டால் காலமெல்லாம் கவலையில்லை என்று உரிமையாளருக்குப் பலர் அறிவுரை கூறியிருக்கிறார்கள். செலவும் குறைந்திருக்கும். அவர் அதற்கு இணங்காமல் விட்டதே இந்தத் திருத்தத்தின் மிகச் சிறந்த முடிவு என்பது என் கருத்து. பலகை நீரைக் குடித்துப் பருப்பதும் காய்ந்து சுருங்குவதுமாக எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும், கண்ணாடியிழையோ அசையாது. நாளடைவில் இரண்டும் பிரிந்து, இடையில் புகும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கி, மேலே பளபளப்பு குன்றாமலிருக்க உள்ளே மரம் இற்றுப்போகும். கலப்பற்றிட்ட படகில் அந்தப் பருத்தலே காப்பாகிறது. கரையில் காய்ந்திருந்த படகை நீரில் இறக்கினால் முதல் ஓரிரு நாட்கள் கசியத்தான் செய்யும். பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்கியதும் கசிவு தானாகவே நின்றுவிடும். இறக்கிய முதல் இரவு தாம் உறங்காமல் பம்பியோடு படகிலேயே இருந்ததாக உரிமையாளர் சொன்னார்.

இந்த வேலை நம் கரைக்குப் புதிதன்று. 1930ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். நம்மவர்களே மாலுமிகளாக நின்று செலுத்திய அந்தக் கப்பல் 1938இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அத்திலாந்திக் கடலைத் தாண்டிய கப்பலின் பொருத்துகளையும் இதே போன்ற உளியும் கொட்டாப்புளியும்தான் இறுக்கியிருக்கும். படகில் எங்காவது ஒரு மூலையில் இந்த வரலாற்றையும் திருத்தியவர்களின் பெயர்களையும் எழுதி வைத்திருக்கலாம். உரிமையாளரிடம் அதைக் கேட்டுக்கொண்டேன்.

இயந்திரம் மஞ்செஸ்ரர் அருகே தயாரான கார்ட்னர் நான்கு சிலிண்டர் டீசல். 1931இல் அறிமுகமான எல்டபிள்யூ வகையைச் சேர்ந்தது, கொள்ளளவு 5.6 லீற்றர். இன்றைய இயந்திரங்களோடு ஒப்பிட்டால் உருவத்தில் பெரியது, வலுவில் சிறியது. ஆனால் மெதுவாகச் சுழல்வதால் தேய்மானம் குறைவு. டீசலும் குறைவாகவே குடிக்கும். அது ஓடும்போது சுக்கான் அறையில் குரலை உயர்த்தாமல் உரையாட முடிந்தது என்பதைக் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு செல்லும் பயணிகள் படகுகளில் போய்ப் பழகியவர்கள் நம்புவது கடினம். வேகத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தப் படகு ஏற்றதன்று. நீரைக் கிழித்துக்கொண்டு செல்லும் இவ்வகைப் படகுக்கு அதன் நீளமே வேக எல்லையை வகுத்துவிடுகிறது. நீர்மட்ட நீளம் 36 அடி என்றால் ஏறத்தாழ 8 நொட், அதாவது மணிக்கு 8 கடல் மைல். அதற்கு மேல் இயந்திரத்தை எவ்வளவு முடுக்கினாலும் அலைதான் பெரிதாகும். நாங்கள் 7 நொட்டில் சென்றோம்.

காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையை ஒட்டிச் சென்று, எழுவைதீவையும் அனலைதீவையும் மேற்கே விட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் நயினாதீவை அடைந்தோம். அம்மனைத் தரிசித்துத் திரும்பியதும் ஒடியற் கூழ் தந்தார்கள். நண்டும் திருக்கையும் தாராளமாக இருந்தன. புளி சற்றுத் தூக்கல். கூழைப் பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தது அம்மாவுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இனிக் குறைகள். சிறுவர்களுக்கான உயிர்காப்பு அங்கி இரண்டுதான் இருந்தது. எங்களுடன் வந்த பிள்ளைகள் மூவர். பெரியவர்களின் அங்கியைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று உதவியாளர் சொன்னபோதும், உரிமையாளர் அதற்கு உடன்படாமல் காரைநகருக்கு ஆளனுப்பி எடுப்பித்த பின்னரே படகை அவிழ்த்தார். அதில் நாற்பது நிமிடங்கள் போயின. அவருடைய உறுதியை மதிக்கிறேன். ஆயினும், முற்பதிவின்போதே பிள்ளைகளின் வயதைச் சொல்லியிருந்தோம். ஏறுவதற்குப் போட்ட பலகைக்குக் கைப்பிடி இல்லாததால் அம்மாவை இருவர் தாங்கி ஏற்ற வேண்டியிருந்தது.

இவற்றைவிட என்னைக் கவலைப்படுத்தியது வேறொன்று. சுக்கான் அறையின் இடப்பக்க யன்னலுக்குக் கீழ் மூலையில், உள்ளங்கை அளவுக்கு மரம் கறுத்திருந்தது. நகத்தால் அழுத்தினேன், நகம் இறங்கியது. உப்புநீர் மரத்தை அவ்வளவு விரைவில் இற்றுப்போக விடாது. அழுகலை உண்டாக்கும் பூஞ்சை உப்பில் வளராது. மேலிருந்து சொட்டி மூலைகளில் தங்கும் மழைநீரே மரப்படகுகளைத் தின்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே இவ்வளவு கவனமாக வேலை செய்தவர்கள் யன்னல் விளிம்பை வெறும் பசையால் அடைத்துவிட்டிருப்பது மனத்துக்கு வருத்தமாக இருந்தது. ஓடாவியாரிடம் காட்டினேன். அவர் தம் கைக்கத்தியின் முனையை நான்கைந்து இடங்களில் வைத்துப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சுண்ணக்கட்டி எடுத்து, கறுப்பைவிட இரண்டு விரல் தள்ளி ஒரு வட்டம் போட்டார். யன்னற்சட்டம் தம் வேலையில்லை என்று அவர் சொல்லவில்லை. உரிமையாளரும் சாக்குப்போக்கு எதுவும் கூறவில்லை.

எட்டுப் பேர் வரை ஏற்றிக்கொண்டு ஒரு பகலுக்கு 60,000 ரூபா வாங்குகிறார்கள். உணவும் டீசலும் அதற்குள் அடக்கம். நயினாதீவு அம்மனைத் தரிசிப்பது மட்டுமே நோக்கமென்றால் குறிகட்டுவானிலிருந்து கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடும் பயணிகள் படகே போதும். அதற்காக இவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. கடலையும் படகையும் ஆற அமரப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது தகுந்த விலைதான். வாடைக்காற்று தணிந்து, சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழுவதற்கு முந்திய பங்குனி, சித்திரை மாதங்களில் செல்லுங்கள். சோளகம் பிடித்துவிட்டால், வயதானவர்களை அழைத்துச் செல்வது நல்லதன்று.

வைகாசியில் தொலைபேசியில் கேட்டபோது, வட்டமிட்ட இடத்தை வெட்டியெடுத்து வேப்பந்துண்டு வைத்துச் சேர்த்துவிட்டதாகவும், மற்ற யன்னல்களையும் கழற்றிப் பார்க்கத் தொடங்கியிருப்பதாகவும், ஏறுபலகைக்குக் கைப்பிடி போட்டாயிற்று என்றும் உரிமையாளர் தெரிவித்தார். ஐப்பசி மழை இரண்டு கிழமை பெய்து ஓய்ந்த பின் நான் மறுபடியும் போய் அதே மூலையில் நகத்தை வைத்துப் பார்க்கவிருக்கிறேன். வருவதாக அவரிடம் சொல்லியும் விட்டேன்.