கணவாய்க் காற்றில் கம்பி மைக்கும் கம்பியில்லா மைக்கும்

ஆனியும் ஆடியும் வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொழிஞ்சாம்பாறைத் தோப்புகளை உலுக்கிவிடும். அங்கே தமிழ் பேசும் விவசாயிகளைப் பேட்டி எடுத்துக் காணொளியாக வெளியிடுகிறேன். கைபேசியின் சொந்த மைக்கை நம்பினால் தென்னையோலைச் சத்தம்தான் மிஞ்சும்.

போயா பிஒய்-எம்1 கம்பி மைக்கின் கம்பி 6 மீட்டர் நீளம். திண்ணையில் உட்கார்ந்து பேசுபவருக்கு அது தாராளம். கைபேசியில் பதியும்போது பேட்டரியே வேண்டாம். ஹெட்போன் துளை இல்லாத கைபேசி என்றால் டைப்-சி இணைப்பான் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பெரியவர் எழுந்து வாய்க்காலைக் காட்ட நடந்துவிட்டால் கம்பி காலில் சிக்கும். அங்கே கம்பியில்லா மைக்தான் கைகொடுக்கும். மலிவானவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே வரிசைதான். மனித உடலில் உள்ள நீர் இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். நான் முதலில் வாங்கிய மலிவு மைக்கில், பேசியவர் முதுகைத் திருப்பியதும் பாதிச் சொற்கள் காணாமல் போயின. நாற்பது ஆண்டு அனுபவத்தை ஒரு மனிதர் சொல்லும்போது அப்படி இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை. 2024இல் வந்த டிஜேஐ மைக் மினியின் சட்டை மைக் 10 கிராம்தான். தோளில் போட்ட மெல்லிய துண்டில் மாட்டினால்கூடத் துணி தொங்காது. விலைதான் கம்பி மைக்கைப்போலப் பல மடங்கு.

ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால் கம்பியை வாங்குங்கள். எதை வாங்கினாலும், காற்றிரைச்சலைத் தடுக்க மைக்கின் மேல் மாட்டும் ரோம உறை கட்டாயம். கூடவே வரும் பஞ்சுறை எங்கள் ஆடிக் காற்றைத் தாங்காது.