மாடம்பாக்கம் பக்கம் குடிவந்து ஒன்பது வருடம்: வாடகைக்கு மூன்று, சொந்த வீட்டில் ஆறு

சென்னைக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு குடியேற எந்த ஏரியா நல்லது என்று தெரிந்தவர்கள் யாராவது மாதம் ஒரு தடவையாவது என்னிடம் கேட்கிறார்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது, அதனால் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். தாம்பரத்துக்குக் கிழக்கே ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி மாடம்பாக்கம் போகிற சாலையில் இருந்து உள்ளே போகிற ஒரு தெரு எங்களுடையது. 2016 ஜூனில் வந்தோம். அப்போது பெண்ணுக்கு மூன்று வயது, இப்போது ஏழாம் வகுப்பு முடித்துவிட்டாள்.

முதலில் வீடு தேடிய கதை, ஏனென்றால் நாங்கள் இந்த இடத்துக்கு வந்ததே அதனால்தான். எனக்கும் வீட்டுக்காரருக்கும் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அவருக்கு வேலை நுங்கம்பாக்கத்தில், அதனால் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் பாதையை ஒட்டி எங்கே என்றாலும் சரி என்று தேட ஆரம்பித்தோம். இரண்டு மாதத்தில் பதினோரு வீடு பார்த்தோம். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் எல்லாம் பேசி முடித்த பிறகு "நீங்க எந்த ஊரு?" என்பார்கள், ஊர் பெயர் சொன்னால் "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். ஒரு வீட்டில் "கவுச்சி சமைப்பீங்களா?" என்று வாசலிலேயே கேட்டார்கள், உள்ளே கூட விடவில்லை. நான்கு வீடு இப்படிப் போனது. பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்று, எந்தத் தெரு என்கிற கேள்விக்குப் பதில் சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. எந்த ஏரியா, யார் வீடு என்றெல்லாம் எழுதப் போவதில்லை. ஆனால் வீடு தேடுகிறவர்கள் பள்ளி, பஸ், தண்ணீர் என்று பார்ப்பதோடு இதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்டு வீடு கொடுக்கிற இடத்தில் உங்கள் குழந்தை வளரப் போகிறது.

பன்னிரண்டாவது வீடுதான் இந்தத் தெருவில் கிடைத்தது. வீட்டுக்கார அம்மா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "கொழந்தைக்குப் பள்ளிக்கூடம் பாத்தாச்சாம்மா?" என்பது. இரண்டாவது, "மாடிப்படிக்குக் கம்பி கேட் போடணுமா, சின்னப் புள்ளயா இருக்காளே?" அவ்வளவுதான், அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். மாடிக்குத் தனி ஈபி மீட்டர் இருந்தது, ரசீதில் வருகிற தொகையைத்தான் கட்டினோம். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் முதல் 100 யூனிட்டுக்கு அரசு காசே வாங்குவதில்லை, அப்படி இருக்கும்போது சப் மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூலிக்கிற வீடுகள் எத்தனை இருக்கின்றன என்று வாடகைக்கு இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். வீட்டு ஓனர் உங்களை எப்படி நினைக்கிறார் என்பதற்கு அந்த மீட்டர் ஒரு நல்ல அடையாளம்.

சரி, இடத்தைப் பற்றி.

நாங்கள் வீடு தேடியது 2015 வெள்ளம் முடிந்து ஆறு மாதத்தில். அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. 2015 டிசம்பர் 1 அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது, அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் முதல் மாடி வரை தண்ணீர் வந்தது என்று பேச்சானது. நாங்கள் போன சமயம் பல தெருக்களில் காம்பவுண்டு சுவரில் பழுப்பாக ஒரு கோடு அப்படியே இருந்தது. தாம்பரத்துக்கு மேற்கே ஒரு வீடு எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, புது டைல்ஸ், புது பெயின்ட், வாடகையும் குறைவு. பக்கத்து வீட்டுச் சுவரில் என் தோள் உயரத்துக்குக் கோடு. பெயின்ட் ஏன் புதுசு என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது அந்தக் கோடுகள் எல்லாம் பெயின்டுக்குள் மறைந்துவிட்டன, அதனால் கண்ணை நம்பாதீர்கள், வாயால் கேளுங்கள். புரோக்கரையும் ஓனரையும் கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், மளிகைக் கடைக்காரர், பால் போடுகிறவர், இவர்களிடம் "2015லயும் 2023லயும் இங்க எவ்வளவு தண்ணி நின்னுது?" என்று வருடம் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாக "தண்ணி நிக்குமா?" என்றால் எல்லாரும் நிற்காது என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் பக்கமும் முழுக்க மேடு கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று இந்தப் பகுதியே ஏரிகளின் சங்கிலி. ஒன்று நிரம்பி இன்னொன்றுக்குப் போய் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர வேண்டிய தண்ணீர் இது. நடுவில் வீடு கட்டி வாய்க்காலை மறித்த இடங்களில் அது வீட்டுக்குள் வரத்தான் செய்யும். அதனால் ஏரியாவைப் பார்த்து முடிவு செய்யாமல் தெருத் தெருவாகப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு நின்று மறுநாளே வடிந்துவிட்டது, இரண்டு தெரு தள்ளி கீழ்வீடுகளில் கட்டில் மிதந்தது. அந்த நான்கு நாள் கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு குடும்பம் எங்கள் ஹாலில்தான் படுத்தார்கள். தெருவில் ஒருவர் வீட்டில் இன்வெர்ட்டர் தீராமல் இருந்தது, கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு முதலில் வெந்நீர், மற்றவர்களுக்கு அப்புறம் போன் சார்ஜ் என்று அவரே வரிசை வைத்தார்.

தண்ணீரின் மறுபக்கம் 2019. செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த வருடம். எங்கள் போர் ஜூனில் காற்று மட்டும் வாங்கியது. லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம். எங்கள் தெருவின் கடைசியில் ஒரு பழைய ஓட்டு வீடு, பின்னால் உறைகிணறு. அந்த வீட்டுப் பெரியவர் காலை ஆறு மணிக்கு கேட்டைத் திறந்து வைத்துவிடுவார், வீட்டுக்கு நாலு குடம், சொந்த வீடு வாடகை வீடு என்று பார்க்க மாட்டார். மாடியில் ஒற்றை அறையில் இருந்த கட்டட வேலைப் பையன்கள், ஒடிசாவில் இருந்து வந்தவர்கள், தயங்கித் தயங்கி வரிசையின் கடைசியில் நின்றார்கள். அவர் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார், "வேலைக்குப் போற புள்ளைங்க, முதல்ல எடுத்துட்டுப் போகட்டும்" என்று. அதற்கு முன்பு நாங்கள் மேடவாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் ஃபிளாட் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வாரமே வாங்கினால் இங்கேதான் என்று முடிவு செய்தோம். வருடக் கடைசியில் இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட் வாங்கினோம்.

வாங்குகிறவர்களுக்கு என் ஒரே அறிவுரை: ஒரு வருடமாவது அதே பகுதியில் வாடகைக்கு இருங்கள். ஒரு கோடை, ஒரு ஐப்பசி கார்த்திகை, இரண்டையும் பார்க்க வேண்டும். பத்திரம், பட்டா, வில்லங்கம், சிஎம்டிஏ அனுமதி எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார், ஆனால் பழைய வருவாய்க் கணக்கில் அந்த இடம் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று ஏதாவது இருந்ததா என்பதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் முதலில் முன்பணம் கொடுக்க இருந்த ஒரு இடத்தில் இப்படித்தான் ஒரு மூலை வாய்க்காலில் போனது, நல்ல வேளையாக முன்பே தெரிந்தது.

போக்குவரத்து. வீட்டுக்காரருக்குத் தாம்பரத்தில் ரயில் அங்கேயே கிளம்புவதால் உட்கார்ந்து போகலாம், இது பெரிய வரம். அடுத்தடுத்த ஸ்டேஷன்களில், குரோம்பேட்டை, பல்லாவரத்தில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டுதான் போக வேண்டும். செங்கல்பட்டில் இருந்து வருகிற வண்டியில் மட்டும் ஏறாதீர்கள், அது நிரம்பித்தான் வரும். 1931ல் இருந்து மின்சார ரயில் ஓடுகிற பாதை இது. 2025 ஏப்ரலில் இருந்து ஏசி ரயிலும் விட்டிருக்கிறார்கள், என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகிற நாளில் அதற்காகக் காத்திருந்து ஏறுகிறோம். ஊருக்குப் போக எழும்பூர் வரை போக வேண்டியதில்லை, பொதிகை தாம்பரத்தில் நிற்கும். தென்மாவட்டத்துக்காரர்கள் இந்தப் பக்கம் இவ்வளவு பேர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்த பிறகு கோயம்பேட்டுக்கு அலைவதும் போயிற்று.

ஆனால் வீட்டில் இருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரைதான் கஷ்டம். கேம்ப் ரோடு சந்திப்பு. காலை எட்டில் இருந்து ஒன்பதரை வரை அங்கே பள்ளி வேன், ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி எல்லாம் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். வேளச்சேரி சாலை ஒன்பது வருடத்தில் எத்தனை தடவை தோண்டப்பட்டது என்று எண்ணிக்கை விட்டுப்போனது. அவர் ஏழரைக்கே கிளம்பிவிடுவதால் தப்பிக்கிறார். நீங்கள் ஓஎம்ஆரில் வேலை பார்ப்பவர் என்றால், தினமும் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய்வர வேண்டும் என்றால், இந்தப் பக்கம் வீடு பார்க்கும் முன் ஒரு திங்கட்கிழமை காலை அந்த வழியில் வண்டி ஓட்டிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பம் அந்த ஒரே காரணத்துக்காக காலி செய்துகொண்டு போனது.

மற்ற குறைகள்: எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, செப்டிக் டேங்க் லாரிதான். கொசு. இரவில் தெருநாய், பத்து மணிக்கு மேல் இருசக்கர வண்டியில் வருகிறவர்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். மாடம்பாக்கம் பேரூராட்சியாக இருந்தது 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது, குப்பை வண்டி ஒழுங்காக வருகிறது, சொத்து வரி ஏறியது. நல்லதும் கெட்டதும் கணக்குப் போட்டால் எனக்குக் குறையில்லை.

பள்ளியை நான் பெயர் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொன்று பொருந்தும். ஆனால் நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். முதல் இரண்டு வருடம் பெயர் பெற்ற பள்ளி என்று தூரத்தில் சேர்த்து, காலை ஆறரைக்கு வேன் ஏற்றி, குழந்தை சாயங்காலம் வந்ததும் யூனிஃபார்மோடு தூங்கிப் போவாள். அப்புறம் பக்கத்திலேயே சின்னப் பள்ளிக்கு மாற்றினோம். இப்போது நாலு பிள்ளைகளோடு சேர்ந்து சைக்கிளில் போகிறாள். அவள் பாதி வளர்ந்தது தெருவில்தான். கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டு கேக், நோன்பு மாதத்தில் மூன்றாவது வீட்டுக் கஞ்சி, எங்கள் வீட்டுக் கொழுக்கட்டை, எல்லாம் அவள் கையால்தான் வீடு வீடாகப் போகும்.

மாமியாருக்கு மூட்டுவலி. சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறோம், காலையிலேயே போனால் வரிசை சமாளிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேனுபுரீஸ்வரர் கோயில். சோழர் காலத்துக் கோயில், விமானம் யானை படுத்த மாதிரி பின்பக்கம் வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள். ராகு கால சரபேஸ்வரர் பூஜைக்குக் கூட்டம் அதிகம், அதனால் மாமியாரை மூன்றரைக்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவேன். ஊரில் இருந்து வந்த புதிதில் வாசலைத் தாண்டாமல் இருந்தவர், இப்போது திரும்பும்போது நான் கூப்பிடப் போக வேண்டியதில்லை, தெருவில் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடுவார்கள்.

போன மாதம் எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடி காலியானது. பார்க்க வந்த தம்பதிக்கு இரண்டு வயதுக் குழந்தை. ஓனர் வெளிநாட்டில், சாவி எங்களிடம். அந்தப் பெண் எல்லா அறையும் பார்த்துவிட்டு, கதவருகே வந்து தயங்கி நின்று, "எங்க ஊரு கேக்கலியேக்கா" என்றாள். எனக்கு ஒரு நிமிடம் தொண்டை அடைத்துக்கொண்டது. மாடிப்படிக்கு கம்பி கேட் போடணுமா என்று கேட்டேன். அடுத்த வாரம் பால் காய்ச்சுகிறார்கள்.