மொன்செராட் மடாலயம்: தொங்கு வண்டியா, பல்சக்கர ரயிலா?

ஸ்பெயினின் பார்சிலோனாவுக்கு அருகே மலைமேல் இருக்கும் மொன்செராட் மடாலயத்துக்கு எதில் ஏறுவது என்பதை, நகரின் பிளாசா எஸ்பான்யா நிலையத்தில் ஆர்5 ரயில் ஏறும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டுக்கும் இறங்கும் நிலையம் வேறு. தொங்கு வண்டிக்கு ஆயெரி தெ மொன்செராட் (Aeri de Montserrat), தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்வரிசையைப் பற்றி மலையேறும் பல்சக்கர ரயிலுக்கு அடுத்து வரும் மொனிஸ்ட்ரோல்.

1930 முதல் ஓடும் மஞ்சள் நிறத் தொங்கு வண்டி ஐந்தே நிமிடத்தில் 500 மீட்டருக்கு மேல் ஏற்றிவிடுகிறது. பாறைச்சுவர் முகத்துக்கு நேரே எழும்பும் அந்தக் காட்சிக்கு ஈடில்லை. ஆனால் பெட்டி சிறியது. கூட்ட நாளில் வரிசை நீளும், பலத்த காற்றில் சேவை நின்றுவிடும்.

பல்சக்கர ரயில் 1892இல் தொடங்கி, 1957இல் நின்று, 2003இல் மீண்டும் வந்தது. கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். குழந்தைகள், முதியவர்கள், உயரத்துக்கு அஞ்சுபவர்கள் உடன் வந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். திரும்பும்போது இன்னொரு லாபம்: பார்சிலோனா ரயில் மொனிஸ்ட்ரோலுக்குத்தான் முதலில் வருகிறது, உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தனியாகப் போனால் நான் தொங்கு வண்டியைத்தான் தேர்ந்தெடுப்பேன். எதில் போனாலும், மடாலயத்தின் சிறுவர் பாடகர் குழு பாடும் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள்.