மின்சார வண்டியின் கம்பெனி ஸ்பீக்கர்: ஒரு மைக் செட்காரரின் மதிப்பீடு

ஷோரூமில் பாட்டுப் போட்டுக் காட்டுவதை வைத்து எந்த மின்சார வண்டியின் சவுண்டையும் எடை போடாதீர்கள். அங்கே வண்டி நிற்கிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, ரோடு சத்தம் கிடையாது. விற்பனைப் பையன் பேஸை, அதாவது அடி ஒலியைத் தூக்கி, வால்யூமை முக்கால்வாசிக்கு ஏற்றிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறான். சத்தமாக வைத்தால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். வால்யூம் குறையக் குறைய நம் காதுக்கு மற்றதைவிட பேஸ்தான் வேகமாக மங்கும். 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து சொல்லிவிட்டார்கள். அதனால் ஷோரூமில் நெஞ்சில் இடித்த பேஸ், வீட்டுக்கு வந்து மெதுவாகப் பாட்டு வைத்தால் காணாமல் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நான் திண்டுக்கல் பக்கம் மைக் செட் தொழிலிலேயே தலை நரைத்தவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாம் கட்டியாயிற்று. மகள் மின்சார எஸ்யூவி ஒன்று வாங்கினாள். "நின்னா பேஸ் குடையுதுப்பா, ஓடுனா பேஸே இல்ல. கொஞ்சம் பாருங்களேன்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டாள். வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு சவுண்டை விட்டுவிட்டு வண்டிச் சண்டைக்குப் போய்விடும். கதவுக்கு ஒன்றாக நான்கு ஸ்பீக்கர், முன்கண்ணாடி ஓரக் கம்பங்களில் கீச்சொலிக்கென்று இரண்டு சின்ன ட்வீட்டர், அடி பேஸுக்கென்று தனி சப்வூஃபர் கிடையாது. ஸ்பீக்கர் வலைமேல் பேர் பெற்ற கம்பெனியின் முத்திரை.

அந்த முத்திரைக்கு ரொம்ப மயங்க வேண்டியதில்லை. ஜேபிஎல், ஹர்மன் கார்டன், இன்ஃபினிட்டி மூன்றும் ஹர்மன் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள், 2017-லிருந்து அந்த ஹர்மனே சாம்சங் கையில். எண்ணிக்கைக்கும் மயங்க வேண்டாம். மகிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ வண்டிகளின் மேல் மாடலில் 16 ஸ்பீக்கர், டால்பி அட்மாஸ் எல்லாம் உண்டு. அந்த வண்டிகள் எழுப்பும் ஒலிகளில் ஏ. ஆர். ரகுமானின் கைவேலையும் இருக்கிறது. தெரிந்தவர் வண்டியில் உட்கார்ந்து கேட்டேன், அருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு ஸ்பீக்கரை ஒழுங்காகச் சரிசெய்து கேட்டவர்கள் அதைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

மகள் சொன்ன புகார் இரண்டும் உண்மைதான், இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பெட்ரோல், டீசல் வண்டியில் இன்ஜின் இரைச்சல் எப்போதும் கூடவே வரும். மின்சார வண்டியில் அது இல்லை. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது தம்புராகூடத் தனியாகக் கேட்கிறது. இந்த சுகம் எந்த டீசல் வண்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. மதுரை நான்குவழிச் சாலையில் ஏறி 80-ஐத் தாண்டினால் கதை மாறிவிடும். மறைக்க இன்ஜின் சத்தம் இல்லாததால் டயர் சத்தம் அப்பட்டமாகக் காதில் விழும். அடியிலிருந்து ஒரு உறுமல். அதற்கு மேலே டயருக்குள் அடைபட்ட காற்று 200 ஹெர்ட்ஸைத் தாண்டி, அதாவது நொடிக்கு 200 அதிர்வுக்கு மேல், ஒரு முனகல் போடும். சில மின்சார வண்டி டயர்களுக்குள் ஸ்பாஞ்ச் ஒட்டி அனுப்புவது இந்த முனகலை அடக்கத்தான். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், பேஸ் கிட்டார், ஆம்பளைக் குரலின் அடிப்பகுதி எல்லாம் குடியிருப்பது அதே பகுதியில். டயர் அதை விழுங்கிவிடுகிறது. வண்டி நின்றதும் விழுங்கியதெல்லாம் திரும்பி வந்து குடைகிறது.

ஆகவே அடி, நடு, உச்சி ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரைக் கடைசியில் தொடுங்கள். முதல் வேலை ஒலியை இடம் வலமாகப் பங்கிடும் பேலன்ஸ், முன் பின்னாகப் பங்கிடும் ஃபேடர். இதை வண்டியை நிறுத்தி வைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுகிற மாதிரியே உட்கார்ந்து செய்ய வேண்டும். செட்டிங்கில் உள்ள சரவுண்ட், '3டி' சமாச்சாரத்தை எல்லாம் அணைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு பழைய மோனோ பாட்டை, 50-களிலோ 60-களிலோ வந்த சினிமாப் பாட்டு எதுவானாலும் சரி, போடுங்கள். மோனோவில் இடது வலது இரண்டிலும் ஒரே ஒலிதான் போகிறது. எனவே பாடுகிறவர் நமக்கு நேர் எதிரே, டாஷ்போர்டுக்கு மேலே நின்று பாடுவதாகத் தெரிய வேண்டும். எங்கள் வண்டியில் அவர் வலது கதவுக்குள் குனிந்து நின்றார். நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம், அந்த ஸ்பீக்கர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடப்பக்க ஸ்பீக்கர் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரத்தில். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போகும். பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி முந்திக்கொண்டு வந்து காதை இழுத்துவிடுகிறது.

சில வண்டிகளில் 'டிரைவர் சீட்' என்று ஓர் அமைப்பு இருக்கும். அது பக்கத்து ஸ்பீக்கரைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்தும். இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடலாம். எங்களுக்கு அது இல்லை. பேலன்ஸை இடப்பக்கம் இரண்டு புள்ளி தள்ளினேன், பாடுகிறவர் ஸ்டியரிங்குக்கு மேலே வந்துவிட்டார். மூன்றாவது புள்ளிக்கு அவர் கண்ணாடியைத் தாண்டி இடப்பக்கம் ஓடுகிறார். ஃபேடரை முன்பக்கம் இரண்டு புள்ளி. பின்கதவு ஸ்பீக்கர் தனியாகக் கேட்கக் கூடாது, அதை அணைத்தால் மட்டும் ஏதோ குறைந்ததாகத் தெரிய வேண்டும். கச்சேரியில் பாடகர் முன்னாலிருந்துதானே பாடுவார்? முதுகுக்குப் பின்னாலிருந்து யாரும் பாடுவதில்லை. பின்சீட்டில் உட்காரும் என் வீட்டுக்காரிக்கு மட்டும் இந்த அமைப்பில் வருத்தம்.

பேலன்ஸ் சரியான பிறகே மகள், "இதுவே போதும்ப்பா" என்றாள். எனக்குப் போதவில்லை.

ஈக்வலைசரை ஓடுகிற வண்டியில்தான் பார்க்க வேண்டும். அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையைத் தொட்டேன். ஓட்டுகிறவர் இதைச் செய்யவே கூடாது. திரையில் ஐந்து ஸ்லைடர். பொதுவாக எல்லாரும் இரண்டு ஓரத்தையும் தூக்கி நடுவை இறக்கி 'வி' போட்டு வைப்பார்கள். அப்படி வைத்தால் முதலில் சாவது குரல்தான். மைக் செட்டில் நாங்கள் ஏற்றுவதைவிட இறக்குவதுதான் அதிகம், இங்கேயும் அதையே செய்தேன். 250 ஹெர்ட்ஸை ஒட்டிய ஸ்லைடரை இரண்டு புள்ளி இறக்கியதும் செய்தி வாசிப்பவர் குடத்துக்குள்ளிருந்து பேசுவது நின்றது. கதவுத் தகடு சேர்ந்து அதிர்வதால் வருகிற சத்தம் அது. நாதஸ்வரம் போட்டுப் பார்த்தால் 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் காதில் ஊசி குத்தியது. ட்வீட்டர் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒலி கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது. அந்த ஸ்லைடரை ஒரு புள்ளி இறக்கினேன். அடி பேஸை மட்டும் ஒரு புள்ளி ஏற்றினேன், அதுவும் 80 கி.மீ. வேகத்தில் மிருதங்கத்தின் தொப்பி காதுக்கு எட்டும் வரைதான். வண்டி நின்றால் அந்த ஒரு புள்ளி கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும். வேகத்துக்கு ஏற்ப வால்யூம் ஏறும் வசதி இருந்தது. அதை நடு நிலையில் வைத்தோம். உச்சத்தில் வைத்தால் சுங்கச்சாவடியிலிருந்து கிளம்பும்போதெல்லாம் பாட்டு திடீரென்று மேலே பாய்கிறது.

அதிர்வுச் சத்தம் தனிக் கதை. 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் ஒலிக்கோப்பு ஒன்றை யூடியூபில் எடுத்துக்கொண்டு, நடுத்தர வால்யூமில் ஓடவிடுங்கள். 70-லிருந்து 90-க்குள் வண்டி பேச ஆரம்பிக்கும். எங்கள் வண்டியில் டாஷ்போர்டு பிள்ளையார் பீடம் 80-ஐ ஒட்டி டரடரவென்றது. இருபக்க டேப் வைத்ததும் அடங்கியது. கதவுப் பையில் தண்ணீர் பாட்டில், பின்சீட்டில் மாட்டாமல் தொங்கிய பெல்ட் கொக்கி, பின்பக்க நம்பர் பிளேட் எல்லாம் இந்த வரிசையில். இடது பின்கதவு உறையின் கிளிப் ஒன்று தளர்வு. அழுத்திப் பிடித்தால் சத்தம் நிற்கிறது, விட்டால் வருகிறது. சர்வீஸில் "இது நார்மல்தான் சார்" என்றார்கள். கையை வைத்து நிறுத்தி, எடுத்து, மறுபடி வைத்துக் காட்டிய பிறகு கிளிப்பை மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பலர் நினைப்பதில் பாதி இப்படிப்பட்ட சமாச்சாரமாகத்தான் இருக்கும்.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். புளூடூத் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும், யுஎஸ்பி ஒயரில் அந்தச் சுருக்கம் இல்லை. ஜால்ரா ஓசையின் வால் நீள்வதில் வித்தியாசம் தெரிகிறது. புளூடூத்தே போதும் என்பவர்கள் போன் வால்யூமை முழுதாக வைத்து, வண்டியில் கூட்டிக் குறையுங்கள். போனில் பாதி, வண்டியில் முழுசு என்று வைத்தால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். செயலியில் டேட்டா மிச்சம் பிடிக்கும் அமைப்பு ஓடுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். மகள் போனில் அது ஓடிக்கொண்டிருந்தது.

ரேடியோவில் கொடைக்கானல் பண்பலை 100.5 எங்கள் பக்கம் தெள்ளத் தெளிவு. மத்திய அலை எனும் ஏ.எம். மட்டும் இந்த வண்டியில் கிடையாது. மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர், ஏ.எம். அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். அதைத் தடுக்கச் செலவு செய்வதற்குப் பதில் பல கம்பெனிகள் ஏ.எம்மையே எடுத்துவிட்டன. திருச்சி வானொலியை 936-இல் கேட்டே வளர்ந்த எனக்கு இது பெரிய குறை. மகளுக்கு ஏ.எம். என்றால் காலை நேரம்.

இடையில் ஒரு அக்சசரீஸ் கடையிலும் கேட்டோம். "அண்ணே, கம்பெனி ஸ்பீக்கர் எல்லாம் பேப்பருண்ணே. கழட்டிப் போட்டுட்டு நாலு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப், ஒரு சப். முப்பத்தெட்டாயிரத்துல முடிச்சிரலாம்" என்றார் கடைக்காரர். ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோன் பேப்பரில் இருந்தால் ஒன்றும் மட்டமில்லை, நான் கட்டிய பெரிய பாக்ஸ்கள் எல்லாம் பேப்பர் கோன்தான். விஷயம் வேறு. கம்பெனி ஆம்ப்ளிஃபையர் அந்த ஸ்பீக்கருக்கென்றே ஒலியைத் திருத்தி அனுப்புகிறது, வேறு ஸ்பீக்கரை மாட்டினால் அந்தத் திருத்தமே கோணலாகிவிடும். கம்பெனி ஸ்பீக்கரின் மின்தடை 2 ஓமாக இருந்து, நாம் 4 ஓம் மாட்டினால் கிடைக்கும் பவரும் பாதியாகும். ஒயரை வெட்டினால் வாரண்டி பேச்சு வேறு வரும். ஆரஞ்சு நிற ஒயர் எதையாவது ஒருவர் தொடுவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அதில் ஓடுவது பேட்டரியின் உயர் மின்னழுத்தம். செலவு செய்தே தீர வேண்டும் என்றால் கதவுக்குள் அதிர்வு தாங்கும் ஷீட் ஒட்டுங்கள். ஸ்பீக்கரின் உண்மையான பெட்டி அந்தக் கதவுதான். முன்கதவு இரண்டுக்கும் ஒட்டினோம், பேஸ் இறுகி வந்தது. கதவு சாத்தும் சத்தமும் கனத்தது, அது இனாம்.

பாட்டு கேட்டால் ரேஞ்ச் குறையுமா என்று கேட்காத ஆள் இல்லை. சத்தமாகவே வைத்தாலும் சராசரியாக 50 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 50 வாட்-அவர். இந்த அளவு வண்டி ஒரு கிலோமீட்டருக்கு 140 வாட்-அவரை ஒட்டிச் சாப்பிடும். ஒரு மணி நேரப் பாட்டுக்கு அரை கிலோமீட்டர்கூடப் போகாது. ஏ.சி.யைப் பற்றிக் கேளுங்கள், அதில் நியாயம் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு என் மதிப்பெண் நூற்றுக்கு எழுபது. குரலுக்கும் வயலினுக்கும் தாராளமாகப் போடலாம். பறை, தவில் அடிக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும், அது சப்வூஃபர் இல்லாத வண்டியில் வராது. இண்டிகேட்டரின் டிக்டிக், பெல்ட் எச்சரிக்கை எல்லாம் அதே ஸ்பீக்கரில் வந்து பாட்டை அமுக்குவது எரிச்சல், அதைக் குறைக்கும் செட்டிங் மூன்று மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. வால்யூமுக்குத் திருகும் குமிழ் வைக்காமல் திரையில் தேய்க்கச் சொன்னவர் யாரோ, அவர் நம் ரோட்டில் ஓட்டியிருக்க மாட்டார். சாஃப்ட்வேர் அப்டேட் வந்தபோது ஈக்வலைசர் பழைய நிலைக்குப் போய்விட்டது. சரிசெய்து முடித்ததும் அந்தத் திரையைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பேலன்ஸ் பக்கத்தையும் சேர்த்து.