வால்பாறை மலையில் ஏழு ஆண்டுகள்: டீசல் ஃபோர் வீல் டிரைவ் டஸ்டருடன் என் அனுபவம்

எங்கள் வீடு வால்பாறை பேருந்து நிலையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. அதில் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் தோட்டத்து மண்பாதை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் வரை அந்தப் பாதையில் செம்மண் குழம்பும் உருண்டைக் கற்களும்தான் மிஞ்சும். முன்பு வைத்திருந்த சிறிய பெட்ரோல் காரை மழைக்காலம் முழுவதும் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, முழங்கால் வலியுள்ள அப்பாவைக் குடை பிடித்து நடத்திக்கொண்டு போவோம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவர் காலிலும் எத்தனை அட்டை என்று எண்ணுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு, அம்மாவுக்கு வேதனை. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தது இப்படித்தான். சாகசப் பயணம் போகும் ஆசை எதுவும் இல்லை.

2018இல், 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்த 2015ஆம் ஆண்டு ரெனோ டஸ்டர் ஒன்றை வாங்கினோம். 1,461 சிசி டீசல் இன்ஜின், 110 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், நான்கு சக்கர இயக்கம். இந்தியாவில் இந்த வகை 2014இல் வந்தது. வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி நடைமுறைக்கு வந்த 2020இல் டீசல் டஸ்டரே நின்றுபோனது. ஆகவே இதைப் படித்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க முடியாது. பழைய வண்டிச் சந்தையில் தேடுபவர்களுக்கும், வேறு நிறுவனத்தின் இதே மாதிரி அமைப்புள்ள வண்டியை வைத்திருப்பவர்களுக்கும் பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன். இப்போது மீட்டர் 1,38,000ஐத் தாண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இது பழைய ஜீப்புகளில் இருப்பதுபோல், மிகக் குறைந்த வேகத்தில் அதிக இழுவிசை தரும் தனி லோ கியர் கொண்ட அமைப்பு அல்ல. சாதாரண நேரத்தில் முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன. பின் ஆக்சிலுக்கு முன்னால் மின்சாரத்தால் இயங்கும் ஒரு கப்ளிங் இருக்கிறது. முன்சக்கரம் வழுக்குவதைக் கணினி உணர்ந்தால், அதற்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் இறுகி, பின்சக்கரங்களுக்கும் விசை போகிறது. இதைத் தேர்ந்தெடுக்க ஒரு திருகு பொத்தான் உண்டு: இரு சக்கரம், ஆட்டோ, லாக். லாக்கில் வைத்தால் வழுக்கலுக்குக் காத்திராமல் பின்சக்கரங்களும் முன்சக்கரங்களோடு பிணைந்தே ஓடும். லோ கியர் இல்லாத குறையை ஈடுசெய்வதற்காக முதல் கியரை மிகவும் குட்டையாக வைத்திருக்கிறார்கள். சமதளத்தில் அதைப் போட்டால், கிளட்சை விடுவதற்குள் இரண்டாவது கேட்கும். பொள்ளாச்சிக் கடைவீதியில் நான் எப்போதும் இரண்டாவதிலேயே எடுக்கிறேன். அதே முதல் கியர்தான் தோட்டத்துப் பாதையில், ஐந்து பேரும் அரிசி மூட்டையும் இருக்கும்போது, ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே வண்டியை நடைவேகத்தில் மேலே ஏற்றுகிறது. இறங்கும்போது பிரேக்கை மிதிக்காமல் பிடித்து நிறுத்துவதும் அதுதான். 210 மில்லிமீட்டர் தரை இடைவெளியைவிட இந்தக் கியருக்கே நான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன்.

டீசலின் இயல்பும் மலைக்குப் பொருந்துகிறது, ஒரு விஷயம் தவிர. இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே ஓடினால் டர்போ விழிக்காது, இழுவை இருக்காது. கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரில் சோம்பேறித்தனமாக நுழைந்தால், வளைந்து நிமிரும் இடத்தில் பின்னால் வரும் பேருந்தின் ஹாரனைக் கேட்க வேண்டியிருக்கும். வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு இறங்கிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவுக்கு எந்தக் கியர் என்பது இரண்டு மாதத்தில் கைக்குப் பழகிவிடும். எரிபொருள் கணக்கைச் சொன்னால், கோயம்புத்தூர் போய்த் திரும்பும் பயணத்தில் மலையும் சமவெளியும் சேர்த்து லிட்டருக்கு 14 முதல் 15 கிலோமீட்டர், வால்பாறைக்குள்ளேயே சுற்றினால் 11 அல்லது 12, சமவெளி நெடுஞ்சாலையில் 80இல் நிதானமாகப் போனால் 17. பள்ளி, சந்தை, மருத்துவமனை என்று குட்டைப் பயணமே ஓட்டும் நகரவாசிகளுக்கு இந்தக் கணக்கு எடுபடாது.

இனி நான் செய்த பெரிய பிழை. இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் இதைச் செய்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2020இல் முன் டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. பின் டயர்களில் பாதிக்குமேல் பட்டன், அதாவது தரையைப் பற்றும் ரப்பர் கட்டைகள், தேயாமல் இருந்தது. சமவெளியில் ஒரு டயர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் அனுபவஸ்தர், "புதுசு ரெண்டையும் பின்னாடி போட்டுக்கலாமுங்கண்ணா, பழசு முன்னாடி வரட்டும், அதுதானுங்க பாதுகாப்பு" என்றார். சாதாரண காருக்கு அது சரியான அறிவுரை. நானும் மனைவியிடம், நான்கு டயர் செலவில் பாதி மிச்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மாலை, தோட்டத்துப் பாதையின் சேற்றைக் கடக்க லாக்கில் போட்டவன் அதை மாற்ற மறந்து, அப்படியே அட்டகட்டி வழியாகக் கீழே இறங்கி, ஆழியாறில் வேலையை முடித்துக்கொண்டு மேலே ஏறினேன். மழை இல்லை, தார்ச்சாலை நன்றாகக் காய்ந்திருந்தது. திருப்பங்களில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல ஒரு விறைப்பு, டயர் தரையைக் கீறும் மெல்லிய ஓசை. இருபதாவது வளைவைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் டாஷ்போர்டில் நான்கு சக்கர அமைப்புக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்திக் கீழே இறங்கினால் பின்புறத்திலிருந்து எண்ணெய் காய்ந்த வாடை. அரைமணி நேரம் குரங்குகளுக்கு வேடிக்கைப் பொருளாக நின்றுவிட்டு, திருகை இரு சக்கரத்துக்குத் திருப்பி வீடு வந்து சேர்ந்தேன்.

பிறகு பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புது டயரின் பட்டன் ஆழம் 8 மில்லிமீட்டர், பழையதில் 4 என்றால், ஆரத்தில் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். சுற்றளவில் 25 மில்லிமீட்டர். 215/65 ஆர் 16 டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 460 முறை சுற்றும். பழைய டயர் மட்டும் அதைவிட ஐந்து சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். நாற்பது கிலோமீட்டர் மலைச்சாலைக்கு இருநூறு சுற்று. முன்னும் பின்னும் தனித்தனியாக ஓடும் வண்டிக்கு இது பொருட்டே அல்ல. லாக்கில் இரண்டும் கட்டிப்போட்டதுபோல ஓடும்போது, அந்த இருநூறு சுற்றையும் ஒன்று தார்ச்சாலையில் டயர் தேய்த்துத் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கப்ளிங்கின் தட்டுகள் வழுக்கித் தீர்க்க வேண்டும். போதாக்குறைக்கு, வளைவில் முன்சக்கரங்கள் போகும் வட்டம் பின்சக்கரங்களின் வட்டத்தைவிடப் பெரியது; நான்கும் ஒரே அளவாக இருந்தாலும் காய்ந்த சாலையில் லாக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். நெடுஞ்சாலையில் இந்த மறதி தானாகவே சரியாகிவிடும், ஏனென்றால் வேகம் கூடினால் வண்டியே லாக்கை விட்டுவிட்டு ஆட்டோவுக்குப் போய்விடும். கொண்டை ஊசி வளைவுகளில் 25, 30இல் ஏறுபவனுக்கு அந்த வேகம் வரவே வராது.

நல்லவேளையாகக் கப்ளிங் தப்பியது. மறுவாரமே மற்ற இரண்டு டயர்களையும் அதே கம்பெனி, அதே மாடலில் வாங்கினேன். பாதி மிச்சம் என்ற பேச்சை வீட்டில் இன்றும் எடுப்பார்கள். அன்றிலிருந்து கையுறைப் பெட்டியில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய பட்டன் அளவுகோல் ஒன்று கிடக்கிறது. 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களையும் இடம் மாற்றுகிறேன். ஸ்டெப்னி புதிதாகவே கிடந்தால், பஞ்சரான அன்றைக்கு அதே வினை திரும்பவும் வரும் அல்லவா?

பராமரிப்பில் மற்றவை இவ்வளவு விவரம் கேட்பவை அல்ல. ஆனாலும் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. இந்த இன்ஜினில் வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்து இயக்க டைமிங் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான். அது ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜினே போய்விடும். பழைய வண்டியாக வாங்கும்போது பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இருந்தால் நம்புங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். நான் 80,000த்தில், 2021இல், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து மாற்றினேன். பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது என்பதால், அதை மட்டும் விட்டுவைத்தால் பிறகு இன்னொரு முறை அத்தனையையும் கழற்ற வேண்டியிருக்கும். அப்போது 17,000 ரூபாய் ஆனது.

இரண்டாவது, டீசல் ஃபில்டர். ஒரு மழைக்காலத்தில், வழியில் இருந்த ஒரு பங்க்கில் தொட்டியை நிரப்பிய மறுநாள் வண்டி ஏற்றத்தில் திணறி நின்றது. மெக்கானிக் ஃபில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினார். மேலே தேன் நிறத்தில் டீசல், அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர், இரண்டுக்கும் நடுவே மெல்லிய அழுக்குத் தோல். மயிரிழை அளவுத் துளைகளுக்குள் மிக அதிக அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் இன்ஜெக்டர்களுக்கு அந்தத் தண்ணீர் போயிருந்தால் செலவு வேறு கணக்காகியிருக்கும். அதன்பின் மழைக்காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் ஃபில்டரை வடித்துப் பார்ப்பதும், கால் தொட்டிக்குக் கீழே போக விடாததும் வழக்கமாகிவிட்டது.

இன்ஜின் ஆயில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பகிரும் டிஃபரன்ஷியலின் ஆயிலும் முன்னால் விசையைப் பிரித்தனுப்பும் பெட்டியின் ஆயிலும் 40,000த்துக்கு ஒருமுறை. இந்த இரண்டையும் நாமாகக் கேட்காவிட்டால் பல பட்டறைகளில் தொடவே மாட்டார்கள், ஏனென்றால் அவர்களிடம் வரும் பத்து டஸ்டரில் ஒன்பது இரு சக்கர வகை. கிளட்ச் 1,06,000த்தில் போனது, வேலையோடு 29,000 ரூபாய். முதல் வருடம் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் நிறுத்திப் பழகியதற்கு நான் கட்டிய அபராதம் அது. சஸ்பென்ஷனிலுள்ள லோயர் ஆர்ம் புஷ் என்ற ரப்பர் பாகத்தை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன், அதற்கு எங்கள் பாதையைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். ஒருமுறை எலி ஒயரைக் கடித்துவிட்டது. இப்போது இரவில் பானெட்டைத் திறந்தே வைக்கிறோம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அடியில் தண்ணீர் அடித்துச் சேற்றைக் கழுவாவிட்டால், பிரேக் பைப்பின் கவ்விகளில் துரு ஏறிவிடுகிறது.

குடும்ப வண்டியாக எப்படி என்று கேட்டால், அம்மா சொல்வதைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும். நாற்பது வளைவுக்கும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவர், இந்த வண்டியில் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பதாவது வளைவில் இறங்கி ஆழியாறு அணையைப் பார்க்க ஆசைப்படுகிறார். நான்கு சக்கர வகைக்கு மட்டும் பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றது குலுங்குவதில்லை. அப்பா குனியாமல் ஏறி உட்காருகிறார். விலை கொடுக்க வேண்டியிருப்பது டிக்கியில்: அடியில் டிஃபரன்ஷியல் வந்துவிட்டதால் ஸ்டெப்னி உள்ளே ஏறியிருக்கிறது, 475 லிட்டர் இடம் 410 ஆகிவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பலகாரத் தூக்கு எப்போதும் யாராவது ஒருவர் மடியில்தான்.

நேர்மையாகச் சொன்னால், ஏழு ஆண்டுகளில் நான் லாக்கைப் போட்ட நாட்களை எண்ணினால் இருநூறைத் தாண்டாது. மற்ற நாட்களில் பின் ஆக்சிலையும் நீளமான ஷாஃப்ட்டையும் சும்மா சுமந்துகொண்டு திரிகிறேன். அதற்கான டீசலும் ஆயிலும் என் கைக்காசு. கோடைக்குக் கொடைக்கானல் போய்வருவதற்காக மட்டும் இப்படியொரு வண்டி வாங்க நினைப்பவரிடம், இரு சக்கர இயக்கமும் நல்ல டயர்களும் போதும் என்று தயங்காமல் சொல்வேன். எங்களைப் போல வீட்டுக்குப் போகும் வழியே சேறாக இருப்பவர்களுக்கு அந்த இருநூறு நாட்கள் வேறு கணக்கு. 2022 ஜூலையில் ஒரு நள்ளிரவு, மகனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தபோது, பாதையில் ஓடை போலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திருகை லாக்கில் வைத்து, முதல் கியரில், அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தோம்.

பதிவுச் சான்று 2030 வரை இருக்கிறது, அதுவரை விற்கும் எண்ணம் இல்லை. போன வாரம் அளந்ததில் பட்டன் முன்னால் 5.1, 5.0, பின்னால் 4.9, 4.9, ஸ்டெப்னி 5.2. கிலோமீட்டர் கணக்கில் இன்னும் தவணை இருந்தாலும், பெல்ட்டுக்கு ஐந்து வருடம் ஆகப் போகிறது. அடுத்த மழைக்கு முன் மாற்றுவதற்காக மே மாதம் இரண்டு நாள் பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன்.