செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆட ஓல்டு கோர்ஸா, நியூ கோர்ஸா?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானங்கள் எந்த கிளப்பின் சொத்தும் அல்ல. ஊருக்குச் சொந்தமான அவற்றை, 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. கட்டணம் கட்டி வெளியூர்க்காரரும் ஆடலாம். டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், பிடிப்பதுதான் பாடு.

ஓல்டு கோர்ஸின் பெருமை ஊரறிந்தது. ஸ்வில்கன் என்ற பழைய கல்பாலமும் 17ஆம் குழியின் ரோடு பங்கர் என்ற மணல்பள்ளமும் அங்கேதான். நியூ கோர்ஸ் பெயரில்தான் புதுசு. அந்தக் காலக் கோல்ஃப் வீரர் ஓல்டு டாம் மாரிஸ் அமைத்து 1895இல் திறந்தது. ஓல்டை ஒட்டியே கிடக்கிறது, அதே மணல்தரை, அதே கடல்காற்று. கட்டணம் பாதிக்கும் குறைவு.

நம் ஓட்டு நியூவுக்கு. காரணம் கட்டணமல்ல, தேதி. நியூவில் முன்கூட்டியே நேரம் குறித்துவிட்டு விமான டிக்கெட் எடுக்கலாம். ஓல்டில் பெரும்பாலோருக்கு வழி குலுக்கல்தான். ஆட நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். முடிவு அன்று மாலையே வந்துவிடும். குழுவில் குறைந்தது இருவர், அதிகபட்சம் நால்வர். தனியாள் முந்தைய நாள் நேரில் போய் வேறொரு குலுக்கலில் சேர வேண்டும். ஆட்டத்திறனை எண்ணால் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழ் இல்லாமல் ஓல்டில் இறங்க முடியாது. நியூவில் அந்தக் கெடுபிடி இல்லை.

பலர் சறுக்குவது ஞாயிறில். அன்று ஓல்டில் வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்மக்கள் நாயோடு உலாவும் பூங்காவாகிவிடும். வெள்ளி இரவு வந்து திங்கள் காலை கிளம்பினால் சனி ஒன்றுதான் மிச்சம். அதற்கான பெயரையும் வியாழனன்றே கொடுத்திருக்க வேண்டும். ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை தங்குவது புத்திசாலித்தனம். நியூவை ஒரு நாள் மாலை 4 மணிக்கு உறுதி செய்துகொண்டு, நான்கு நாளுக்கும் ஓல்டு குலுக்கலில் பெயர் போடுங்கள். அதே நாள் காலையில் ஓல்டு விழுந்தாலும் மோதாது: ஓல்டில் ஒரு சுற்றுக்குச் சுமார் நான்கு மணி நேரம், ஜூனில் இரவு 10 வரை வெளிச்சம். கால்தான் கெஞ்சும்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை, பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறவருக்கு ஓல்டில் ஊர்ப்பக்கம் திரும்பி வரும் குழிகள் ஆபத்து. பந்து தாண்டக் கூடாத எல்லைக்கோடு வலப்பக்கமே வருகிறது. இடப்பக்கம் தாராளமாக அடிக்கலாம், ஆனால் அங்கிருந்து ஓல்டின் இரட்டை கிரீன்களில் (இரண்டு குழிகள் பகிரும் ஒட்ட வெட்டிய புல்பரப்பு) முப்பது கஜத்துக்கு மேல் புட் போட, அதாவது பந்தைக் குழி நோக்கி உருட்ட, நேரலாம். நியூ குறுகலானது. தவறினால் மஞ்சள் பூ பூக்கும் முட்புதர். பந்தைத் தேடாமல் அடுத்ததை எடுப்பதே நல்லது.

நவம்பர் முதல் மார்ச் வரை ஓல்டின் கட்டணம் இறங்கும், குலுக்கலில் போட்டியும் தணியும். ஆனால் ஃபேர்வேயில், அதாவது குழிக்குப் போகும் வெட்டிய புல்பாதையில், பந்தைச் சிறு பாயில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். கட்டணமும் பதிவு நேரங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் கிளம்புமுன் அறக்கட்டளையின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.