பழைய சிஆர்டி மானிட்டரில் ரெட்ரோ கேம்: மூன்று வருடம் மாற்றி மாற்றி வைத்த செட்டிங்குகள்

மூன்று வருடத்துக்கு முன்னால் வேலூர் லாங் பஜார் பக்கம் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒரு கடையில், 17 இன்ச் சிஆர்டி மானிட்டர் (பழைய டிவி போல உள்ளே கண்ணாடி டியூப் உள்ளது) ஒன்று மூலையில் தூசி படிந்து கிடந்தது. விலை கேட்டேன். "400 குடு தம்பி. டியூப் நல்லாத்தான் கீது. இத எடுத்துகினு போய் இன்னா பண்ணப்போற?" என்றார் பாய். கேம் ஆட என்றேன். அவரே ஒரு பழைய விஜிஏ கேபிளையும் சேர்த்துக் கொடுத்தார். ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு சத்துவாச்சாரி வரைக்கும் வந்தேன். அன்றைக்கு விட்டுப்போன தொடை இன்னும் நினைவிருக்கிறது.

அந்த மானிட்டரில்தான் இன்றும் ஆடுகிறேன். விஜிஏ வாய் உள்ள பழைய கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப், விண்டோஸ் 7, டிவி கேம் வகைகளுக்கு ரெட்ரோஆர்ச், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ். இரண்டும் எமுலேட்டர், அதாவது பழைய கருவி போலவே நடித்து அதன் கேமை ஓட்டும் மென்பொருள். இவ்வளவுதான் சாமான். இதில் படம் சரியாக வருவதற்குள் நான் பட்ட பாட்டில் பாதி, ஒரே ஒரு விஷயம் தெரியாததால் வந்தது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்: ரெசல்யூஷன் அப்புறம், முதலில் வேகம், அதாவது மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை படம் வரைகிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கு.

ஆரம்பத்தில் 1024க்கு 768, 85 ஹெர்ட்ஸ் வைத்திருந்தேன். மானிட்டர் அதைத் தாங்கும், எழுத்து கூர்மையாகத் தெரியும், கண்ணும் வலிக்காது. மாரியோவைப் போட்டு நிறுத்தி வைத்துப் பார்த்தால் படம் அருமை. ஓடவிட்டால்தான் கஷ்டம். பின்னால் நகரும் செடியும் குழாயும் வழுக்கிக்கொண்டு போகாமல் சின்னச் சின்னதாக விக்கி விக்கிப் போயின. கம்ப்யூட்டருக்குத்தான் திராணி இல்லை என்று நினைத்து ராம் கூட மாற்றினேன்.

கணக்கு எளியது. அந்த எட்டு பிட் கேம் நொடிக்கு 60 படம் தருகிறது. மானிட்டர் 85 முறை வரைகிறது. அப்படியானால் ஒவ்வொரு நொடியும் 25 படங்கள் இரண்டு தடவை வரையப்படும், மற்றவை ஒரு தடவை. நடை சீராக இல்லாத ஆள் பக்கத்தில் நடப்பது போல, கண் அதைப் பிடித்துவிடும். 75 வைத்தாலும் இதே கதைதான்: நாலு படத்துக்கு ஒன்று இரண்டு தடவை வரும். மானிட்டரை 60க்கு இறக்கி, ரெட்ரோஆர்ச்சில் கேமை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் விசிங்கை ஆன் செய்து, திரெட்டட் வீடியோ என்ற செட்டிங்கை ஆஃப் செய்த அன்றைக்கு அந்த விக்கல் போன இடம் தெரியவில்லை. கேமின் உண்மையான வேகம் 60.1 என்றாலும் கவலை வேண்டாம், சத்தத்தை மயிரிழை அளவு இழுத்துச் சுருக்கி ரெட்ரோஆர்ச்சே சமாளித்துக்கொள்ளும்.

60 ஹெர்ட்ஸில் சிஆர்டி மினுக்கும், உண்மைதான். வெள்ளைத் திரையில் அரை மணி நேரம் எழுத்து படிக்க முடியாது. அதனால் டெஸ்க்டாப்புக்கு 85, கேம் திறக்கும்போது மட்டும் 60 என்று பிரித்து வைத்திருக்கிறேன். கேமில் இருட்டான இடங்கள் அதிகம் என்பதால் மினுக்கல் அவ்வளவாக உறுத்தாது. தலைக்கு மேல் எரியும் டியூப்லைட்டை அணைத்துவிட்டு மானிட்டருக்குப் பின்னால் சின்ன எல்இடி பல்பு ஒன்று போட்டுக்கொண்டால் இன்னும் சுகம்.

அடுத்தது ரெசல்யூஷன். 640க்கு 480 என்றால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் ஒரு வருடம் அதில்தான் ஆடினேன். உயரத்தில் பிரச்சினை இல்லை. கேமின் 240 வரிகள் சரியாக இரண்டு மடங்காகி 480 ஆகின்றன. ஆனால் அகலம் 256 புள்ளி. 640ஐ 256ஆல் வகுத்தால் இரண்டரை. அரைப் புள்ளியை வரைய முடியாதே! முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு செங்கலைப் பாருங்கள்: ஒரு பத்தி மூன்று புள்ளி அகலம், அடுத்த பத்தி இரண்டு புள்ளி. செங்கல் நகரும்போது எது மூன்று, எது இரண்டு என்பது மாறிக்கொண்டே இருக்கும். மாரியோவின் மீசை நடக்க நடக்கத் தடித்து மெலியும். பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து மென்மையாக்கும் பைலீனியர் ஃபில்டரைப் போட்டால் இது மறையும், கூடவே படமும் சோற்றுக்கஞ்சி மாதிரி கலங்கிவிடும்.

இதற்கு வழி 1280க்கு 480. கேட்டால் விசித்திரமாக இருக்கும். ஆனால் சிஆர்டிக்கு விஜிஏ வழியாகப் போவது புள்ளிகள் அல்ல, ஏறி இறங்கும் மின்னழுத்தம். ஒரு வரிக்குள் நாம் எத்தனை புள்ளி அடைத்தோம் என்று அது எண்ணுவதில்லை. வரி எத்தனை, எவ்வளவு வேகம் என்பதுதான் அதற்குக் கணக்கு. 480 வரி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 31.5 கிலோஹெர்ட்ஸ் (திரையில் தெரியாத வரிகளையும் சேர்த்து நொடிக்கு சுமார் 31,500 வரி), 640, 1280 இரண்டுக்கும் ஒன்றே. 1280ஐ 256ஆல் வகுத்தால் 5, 320ஆல் வகுத்தால் 4. மாரியோ போன்ற எட்டு பிட் கேமுக்கும், அகலம் 320 புள்ளி உள்ள மெகா டிரைவ் (செகாவின் பழைய டிவி கேம் கருவி) கேமுக்கும் ஒரே செட்டிங் பொருந்திவிடுகிறது. கிராபிக்ஸ் டிரைவரில் கஸ்டம் ரெசல்யூஷன் என்ற இடத்தில் இதைச் சேர்த்தேன். ரெட்ரோஆர்ச்சில் ஆஸ்பெக்ட் ரேஷியோவை (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) 4:3 என்று விடாமல் கஸ்டம் வைத்து, எட்டு பிட்டுக்கு அகலம் 1280, உயரம் 480 என்று கையால் போட்டேன். மெகா டிரைவுக்கு 224 வரிதான், உயரம் 448 போட்டால் மேலும் கீழும் 16 வரி கறுப்பாக நிற்கும். பைலீனியர் ஆஃப். அன்றைக்கு ராத்திரி அந்தச் செங்கற்கள் எல்லாம் ஒரே அளவாக நகர்ந்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

வடிவத்தைச் சரிசெய்ய என்னிடம் உள்ள கருவி ஒரு ஸ்டீல் ஸ்கேல். மானிட்டரை ஆன் செய்து அரை மணி நேரம் சூடாக விட வேண்டும். சூடாவதற்குள் திருகினால் அப்புறம் மறுபடி கோணும். அதன்பின் முன்பக்கப் பட்டனில் மெனுவைத் திறந்து, அகலம் 32 சென்டிமீட்டர், உயரம் 24 சென்டிமீட்டர் வரும்வரை ஸ்கேலை வைத்து அளந்து மாற்றினேன். 17 இன்ச் டியூபில் கண்ணுக்குத் தெரிவது 16 இன்ச்தான், அதற்கு இந்த அளவு கச்சிதம். ஓரங்கள் உள்ளே வளைந்தால் பின்குஷன், மேலே குறுகிக் கீழே அகன்றால் டிரப்பிசாய்டு. ஒவ்வொரு மோடுக்கும் மானிட்டர் தனித்தனியாக இதை ஞாபகம் வைத்துக்கொள்வதால் ஒருமுறை செய்தால் போதும். பிரைட்னஸ் என்பது இதில் கறுப்பின் அளவு. கறுப்புத் திரையைப் போட்டு, சாம்பல் படரும் வரை ஏற்றி, அது மறையும் இடத்துக்கு இறக்குங்கள். வெளிச்சம் வேண்டுமானால் கான்ட்ராஸ்டைத் தொடுங்கள், அதையும் முழுக்க ஏற்ற வேண்டாம். எழுத்து ஊதிப்போகும், டியூபும் சீக்கிரம் மங்கும்.

முதல் கோடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ராத்திரி கேம் போட்டால் படம் முழுக்க நடுங்கியது, காற்றில் ஆடும் துணி மாதிரி. 60 ஹெர்ட்ஸில் மட்டும் நடுங்கும், 85 வைத்தால் நின்ற மாதிரி இருக்கும். பகலில் எதுவும் கிடையாது. கேபிள் மாற்றினேன், கார்டைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், மானிட்டர் போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஏப்ரலில் ஒரு நாள் கரண்ட் போனது. ஹாலில் இருக்கும் இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரும் மானிட்டரும் ஓடின, ஏசி மட்டும் நின்றது. ஏசி நின்ற நொடியில் படமும் நின்றுவிட்டது! மானிட்டருக்கு நேர் பின்னால் சுவரில் ஏசியின் ஸ்டெபிலைசர். அதற்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் காந்தப்புலம் வீசும், அது டியூபுக்குள் எலக்ட்ரான் கற்றையை இழுக்கும். 60க்கும் 50க்கும் வித்தியாசம் பத்து, ஆக நொடிக்குப் பத்து நடுக்கம். 85 வைத்தால் 35 நடுக்கம், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால்தான் நான் செட்டிங்கையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். மேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன். அதன்பின் ஒரு நடுக்கமும் இல்லை. ஸ்டெபிலைசரும் யுபிஎஸ்ஸும் இல்லாத வீடு நம் ஊரில் அபூர்வம் என்பதால் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். காந்தம் உள்ள ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்து மூலையில் பச்சைத் திட்டு வந்தால் பயப்படாதீர்கள், ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு மெனுவில் டியூபில் ஏறிய காந்தத்தை நீக்கும் டிகாஸ் கொடுத்தால் போய்விடும்.

டாஸ் கேம்களுக்கு மேலே சொன்னது எதுவும் ஆகாது. அவை 320க்கு 200, வேகம் 70 ஹெர்ட்ஸ். 1993ல் வந்த டூம் நொடிக்கு 35 படம்தான் தரும், சரியாக 70இல் பாதி. அதை 60இல் ஓடவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சுவர் தடுக்கித் தடுக்கித் திரும்பும். 640க்கு 400, 70 ஹெர்ட்ஸ் என்று இன்னொரு கஸ்டம் மோடு சேர்த்தேன். டாஸ்பாக்ஸில் ஃபுல் ரெசல்யூஷனை அதற்கு மாற்றி, படத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலரை நார்மல் 2எக்ஸ் (இரண்டு மடங்கு) ஆக்கி, ஆஸ்பெக்டை ஃபால்ஸ் என்று வைக்க வேண்டும். கடைசியில் சொன்னது முக்கியம். பொதுவாக ட்ரூ வைக்கச் சொல்வார்கள், எல்சிடிக்கு அது சரி. சிஆர்டியில் 400 வரியை மானிட்டரே 24 சென்டிமீட்டருக்கு இழுத்துக்கொள்கிறது, நாமும் இழுத்தால் படம் கெடும். டேஞ்சரஸ் டேவ் என்ற டாஸ் கேமின் ஆள், ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் பார்த்த அதே உயரத்தில் நின்றான்.

ராணிப்பேட்டையில் மாமா பையன் வீட்டில் 17 இன்ச் பழைய எல்சிடி. அதன் 1280க்கு 1024 என்பது 4:3 அல்ல, 5:4. அப்படியே விட்டால் வட்டமெல்லாம் முட்டையாகும். கஸ்டமில் 1280க்கு 960 போட்டு, மேலும் கீழும் 32 வரி கறுப்பு விட்டோம். அகலம் ஐந்து மடங்கு, உயரம் நாலு மடங்கு, துல்லியமாக உட்கார்ந்தது. அவனுக்கு சிஆர்டி வாங்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

எல்சிடியில் படத்தை சிஆர்டி மாதிரி காட்டும் ஷேடர் என்ற ஃபில்டர்களை சிஆர்டியிலேயே போடாதீர்கள். ஷேடர் வரையும் வலையும் டியூபின் சொந்த வலையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அலை அலையாகத் தெரியும். ஒரு வரி விட்டு ஒரு வரி மங்கலாக்கும் சாதாரண ஸ்கேன்லைன் மட்டும் போதும்.

குறையும் உண்டு. மே மாதம் மத்தியானம் இதை ஆன் செய்யவே மாட்டேன், அறை ஏற்கெனவே அடுப்பு. வலது மூலையில் இந்த வருடம் ஃபோகஸ் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. உள்ளே அதற்கொரு திருகு உண்டு, ஆனால் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும் இடம், அணைத்த பிறகும் டியூபில் மின்சாரம் தங்கும். நான் திறக்கவில்லை, பழைய டிவி மெக்கானிக் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன பொங்கலுக்குத் தம்பி வந்தான். சின்ன வயதில் எங்கள் டிவி கேமில் என்னைவிட நன்றாக ஆடியவன். எல்லாம் பக்காவாக வைத்து ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தேன். முதல் பள்ளத்திலேயே விழுந்தான். மறுபடி விழுந்தான். "இன்னாண்ணா, மாரியோ இவ்ளோ வேகமா ஓடுறான்?" என்றான். அப்போதுதான் உறைத்தது. நம் ஊர் டிவி 50 ஹெர்ட்ஸ். எங்கள் செட்டும் அதற்குத் தகுந்த மாதிரி 50 படத்தில்தான் ஓடியது. அவன் விரல் பழகியிருந்தது ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு.

இந்த மானிட்டர் 30 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது, 50ஐ நேரடியாகக் கொடுத்தால் அவுட் ஆஃப் ரேஞ்ச் என்று கறுத்துவிடும். 100 ஹெர்ட்ஸ் மோடு ஒன்று சேர்த்தேன், ஒவ்வொரு படமும் இரண்டு தடவை வரும். எமுலேட்டரில் ரீஜனை டெண்டி (50 படத்தில் ஓடும் எட்டு பிட் செட் வகை) என்று மாற்றினேன். ஓடும்போது உருவம் லேசாக இரட்டையாகத் தெரிகிறது, அதை ஒன்றும் செய்ய முடியாது. தம்பி அதைக் கவனிக்கவே இல்லை. அந்தப் பள்ளத்தைத் தாண்டினான், குழாய்க்குள் இறங்கினான், காசை எல்லாம் அள்ளிக்கொண்டு வெளியே வந்தான். அந்த செட்டிங்கை அவன் பேரிலேயே தனியாக சேவ் செய்து வைத்திருக்கிறேன்.